கன்னிமடமும் முடியுரிமையும்: மன்னார்க் கோட்டையை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஐரோப்பிய அரசகுமாரி ஒருத்தி அரண்மனையைத் துறந்து கன்னிமடம் புகுந்த கதை கத்தோலிக்க பக்தி இலக்கியத்தின் நிலையான பொருள்களுள் ஒன்றாகும். போர்த்துக்கல் மன்னன் ஐந்தாம் அபோன்சோவின் மகள் ஜொவானா (1452–1490) அயல்நாட்டு மன்னர் பலரின் மணத்தூதுகளை மறுத்து அவெய்ரோ நகரின் டொமினிக்கன் மடத்தில் வாழ்ந்து மறைந்தாள். 1693ஆம் ஆண்டில் திருச்சபை அவளை முத்திப்பேறு பெற்றவளாக அறிவித்தது. இத்தகைய சரிதைகளை எழுதியோர் துறவின் தூய்மையை விரித்துரைத்தனர். துறந்து செல்பவளோடு அவளது முடியுரிமையும் சீதனமும் எங்கே செல்கின்றன என்னும் வினாவை அவர்கள் எழுப்பவில்லை. அவ்வினாவையே நாம் இங்கு எழுப்ப முனைகின்றோம். அதற்கு நாம் தேர்ந்துகொள்ளும் களம் ஐரோப்பிய அரண்மனை எதுவுமன்று. மன்னார்த் தீவின் வாயிலில் நிற்கும் போர்த்துக்கேயர் கோட்டையே எமது களம்.

துறவுக்கும் முடியுரிமைக்கும் இடையிலுள்ள உறவு தமிழிலக்கிய மாணவருக்குப் புதியதன்று. சேரன் தம்பி இளங்கோ, நிமித்திகன் ஒருவன் நாடாளும் இலக்கணம் அவனுக்கே உண்டென மொழிந்தபோது, தமையன் செங்குட்டுவனின் உரிமை குன்றாவண்ணம் குணவாயிற்கோட்டத்தில் துறவு பூண்டான் என்பது சிலப்பதிகார மரபு. கதை வரலாறாகலாம், ஆகாதும் விடலாம். எமக்கு முக்கியமானது அதனுள் பொதிந்திருக்கும் அரசியல் அறிவேயாகும். காவியுடுத்தவன் அரியணைக்குப் போட்டியாளன் அல்லன். துறவு என்பது உலகத்தைக் கைவிடுதல் மட்டுமன்று, உரிமையொன்றைப் பலரறியக் கைவிடுதலுமாகும். பழந்தமிழ்ச் சமுதாயம் இதனை நன்கறிந்திருந்தது. ஆயின் அங்குத் துறந்தவன் தானே துறந்தான். பிறர் ஒருவரைத் துறக்கச் செய்வது வேறு விடயம்.

மன்னாரின் பொருளாதாரத்தை ஒருமுறை நோக்குதல் வேண்டும். பாக்குநீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் இடைப்பட்ட இத்தீவு இருகரை முத்துக்குளிப்பையும், தென்னிந்தியக் கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் கடல்வழியையும் ஒருங்கே கட்டுப்படுத்தத்தக்க அமைவிடமாகும். 1544ஆம் ஆண்டில் இங்கு புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய மீனவ மக்களை யாழ்ப்பாண மன்னன் முதலாம் சங்கிலி கொல்வித்தான். கொல்லப்பட்டோர் அறுநூறு, எழுநூறு பேர் என மரபு கூறும். சமயவெறியின் விளைவு என்று மட்டும் இதனைக் கொள்வது போதாது. மதம் மாறிய குடி போர்த்துக்கல் மன்னனின் பாதுகாப்பிலுள்ள குடியாகக் கருதப்பட்ட அக்காலத்தில், ஞானஸ்நானம் என்பது வரியும் விசுவாசமும் கைமாறுவதற்கான அடையாளமுமாயிருந்தது. சங்கிலி அதனை உணர்ந்திருந்தான். 1560ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதி டொம் கொன்ஸ்தந்தீனோ டி பிரகன்சா நல்லூரைத் தாக்கி, அங்கு நிலைகொள்ள இயலாது திரும்பும் வழியில் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தான். எதிர்க்கரைப் புன்னைக்காயலிலிருந்து பரவ குடும்பங்கள் அதன் நிழலில் குடியேற்றப்பட்டன. கோட்டை நின்றது முத்தின்மேல்; முத்தை எடுத்தவர் மூச்சடக்கிக் குளித்த பரவரும் கடையரும்.

மன்னார் போர்த்துக்கேயர் கைக்கு வந்தபோது லிஸ்பனில் அரியணையிலிருந்தவன் ஆறு வயதுச் சிறுவனான செபஸ்தியான். அவனது தாய் ஜுவானா, ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்பின் சகோதரி. விதவையான அவள் பிறந்து சில மாதங்களேயான மகனைப் போர்த்துக்கலில் விட்டு 1554இல் ஸ்பெயினுக்குத் திரும்பியவள், அவனை மீண்டும் காணவேயில்லை. அவள் மட்ரிட் நகரில் நிறுவிய மடமே ‘டெஸ்கால்சாஸ் ரியாலெஸ்’ எனப்படும் கிளாரா சபைக் கன்னிமடம். அரசகுலப் பெண்களுக்கென்றே அமைந்தது போன்ற அம்மடத்தில் 1580களின் நடுவில் துறவு வாக்களித்தவள் மார்கரீத்தா (1567–1633). அவள் பேரரசன் இரண்டாம் மக்சிமிலியனின் மகள். அவளது தமக்கை அன்னா பிலிப்பின் நான்காம் மனைவி. அன்னா 1580இல் இறந்தபின் பிலிப், தன் சகோதரியின் மகளும் இறந்த மனைவியின் தங்கையுமான மார்கரீத்தாவையே மணமுடிக்க விரும்பினான். அவள் இணங்கவில்லை. உலகின் மிகப் பெரிய பேரரசின் தலைவன் கேட்டும் ஒரு பெண் ‘இல்லை’ எனச் சொல்ல முடிந்தமைக்குக் காரணம், அந்த ‘இல்லை’க்குக் கன்னிமடம் என்னும் ஒரு சுவர் இருந்தமையே. சிலுவையின் மார்கரீத்தா என்னும் துறவுப்பெயருடன் அவள் அம்மடத்தில் வாழ்ந்தபோதும் அரசியலிலிருந்து விலகிவிடவில்லை. மூன்றாம் பிலிப்பின் அரசவையில் ஆஸ்திரியக் கிளையின் நலன்களுக்காக வாதாடிய முக்கிய குரல்களுள் மடத்துக் கிராதிக்குப் பின்னிருந்து ஒலித்த அவளது குரலும் ஒன்று.

அதே 1580களில், அதே மன்னனின் கொடி பறந்த மன்னார்க் கோட்டையில் வேறொரு அரசகுமாரி வளர்ந்து வந்தாள். 1580இல் போர்த்துக்கல் முடியும் பிலிப்பின் தலைக்கு வந்துவிட்டமையால் மட்ரிட் மடமும் மன்னார்க் கோட்டையும் ஒரே அரசின் இரு கோடிகளாயின என்பது மனங்கொளத்தக்கது. கண்டியரசன் கரலியத்தே பண்டாரவின் மகள் குசுமாசனதேவியே அப்பெண். சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் 1580களின் தொடக்கத்தில் கண்டியைக் கைப்பற்றவே, தப்பியோடிய அரசன் திருகோணமலைப் பகுதியில் அம்மைநோய் கண்டு இறந்தான். குழந்தையான மகளும் மருமகன் யமசிங்க பண்டாரவும் போர்த்துக்கேயரிடம் புகலடைந்தனர். யமசிங்கன் டொம் பிலிப் ஆனான். குசுமாசனதேவி டோனா கத்தரீனா ஆனாள். மன்னாரில் கத்தோலிக்க முறைப்படி அவள் வளர்க்கப்பட்டாள். பிறப்பால் சிங்கள அரசகுமாரி, பெயராலும் உடையாலும் செபத்தாலும் ஐரோப்பிய அரசகுமாரி. அவளைச் சூழ்ந்திருந்த கரையோ தமிழ் பேசும் மீனவரின் கரை.

அவள் ஏன் வளர்க்கப்பட்டாள்? அநாதைக் குழந்தைக்குக் காட்டிய இரக்கம் என மிசனரி வரலாற்றாசிரியர் கூறக்கூடும். அவ்விரக்கம் பொய்யென நாம் சொல்லவேண்டியதில்லை. ஆயின் இரக்கத்துக்கும் ஒரு கணக்குண்டு. கண்டியின் முடிக்கு எஞ்சியிருந்த நேர்வாரிசு அவளே. கோட்டை மன்னன் தர்மபாலன் 1580இல் தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்குச் சாசனமாக எழுதிக்கொடுத்தான். கண்டிக்கு அத்தகைய சாசனம் எதுவும் கிட்டவில்லை. மன்னாரில் வளர்ந்த சிறுமியே போர்த்துக்கேயர் கைவசமிருந்த சாசனம்.

1590களின் தொடக்கத்தில் டொம் பிலிப் கண்டியில் முடிசூட்டப்பட்டுச் சில நாள்களில் இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற ஐயம் அக்காலத்திலேயே நிலவியது. அவனுடன் சென்ற கோனப்பு பண்டாரன் போர்த்துக்கேயருக்கு எதிராகத் திரும்பி விமலதர்மசூரியன் என்னும் பெயரில் அரசனானான். இக்கோனப்புவும் ஞானஸ்நானம் பெற்றவனே. அவனுக்கு வழங்கப்பட்ட பெயர் டொம் ஜொவாவோ டி ஆஸ்திரியா. 1571ஆம் ஆண்டு லெப்பாந்தோ கடற்போரை வென்ற தளபதியின் பெயர். அத்தளபதி மட்ரிட் மடத்து மார்கரீத்தாவுக்குத் தாய்மாமன் முறையானவன். ஐரோப்பிய அரச குலமொன்றின் பெயர்கள் இவ்வாறு மகாவலிக் கரைவரை வந்து, தந்தவருக்கு எதிராகவே வாளேந்தி நின்றமை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்லவேண்டும்.

1594இல் தளபதி பேத்ரோ லோபெஸ் டி சூசா பெரும் படையுடன் டோனா கத்தரீனாவைக் கண்டிக்கு அழைத்துச் சென்று அரசியாக்கினான். கண்டி மக்கள் முதலில் அவளை வெறுக்கவில்லை. அவள் தம் மன்னனின் மகள். ஆனால் அரசியின் அருகே அந்நியப் படையினரே நின்றனர். அவள் ஒரு போர்த்துக்கேயனுக்கே மணமுடிக்கப்படுவாள் என்ற பேச்சுப் பரவியது. மணம் நிகழுமாயின் இராச்சியம் சீதனமாய்க் கைமாறும் என்பதைக் கண்டிப் பிரதானிகள் எவரும் அவர்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளூர்ப் படையினர் அணியணியாக விலகினர். அவ்வாண்டு ஒக்டோபரில் தந்துறையில் போர்த்துக்கேயப் படை அழிந்தது, தளபதி காயமுற்று இறந்தான், அரசி சிறைப்பட்டாள். வென்ற விமலதர்மசூரியன் அவளையே மணந்தான். அவளை மணந்ததனால் அவன் அரசுரிமை உறுதிப்பட்டது. 1604இல் அவன் இறந்தபின், பௌத்த துறவியாயிருந்த செனரத் காவியைக் களைந்து அவளை மணந்து அரசனானான். இளங்கோவின் கதை இங்கே தலைகீழாக நடந்தேறியது: ஒருவன் முடியை ஒழிக்கத் துறவு பூண்டான், மற்றொருவன் முடியை அடையத் துறவைக் களைந்தான். இரண்டாமவனின் வழி ஒரு பெண்ணின் கைவழியே சென்றது. 1613இல் அவள் இறந்தாள்.

இம்மணங்களில் அவளது விருப்பம் யாது? ஆவணங்கள் படைத்தலைவர்களையும் திருமணங்களையும் பேசுகின்றன. அவள் பேசுவது அரிது. 1602இல் கண்டிக்கு வந்த ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பெர்கன், அரசியும் அவள் பிள்ளைகளும் ஐரோப்பிய உடையணிந்திருந்ததைக் கண்டு எழுதிவைத்தான். பௌத்த அரசவையின் உள்ளறையில் மன்னாரில் பழகிய உடை தொடர்ந்தது. பெண்ணொருத்தியின் தெரிவு என்று நாம் கைகாட்டக்கூடியது அநேகமாக இவ்வொன்றே.

இவ்விடத்தில் போர்த்துக்கேயப் பேரரசின் ஒரு வழக்கத்தை நினைவுகூர்தல் பொருந்தும். ‘அரசனின் அநாதைகள்’ எனப்பட்ட உயர்குல அநாதைச் சிறுமியர் லிஸ்பனிலிருந்து கோவாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுக்குரிய சீதனம் பெரும்பாலும் காசாக அமையவில்லை. கோட்டைக் காவற்பதவி, எழுத்தர் பதவி, சுங்கப் பதவி போன்ற உத்தியோகங்களாகவே அமைந்தது. பெண்ணை மணப்பவன் பதவியைப் பெற்றான். அரசின் அதிகாரத்தைப் பெண்ணின்வழி ஆணுக்குக் கைமாற்றும் இந்த ஏற்பாட்டை அறிந்தபின், கத்தரீனாவின் கதை விதிவிலக்காகத் தோன்றாது. பிறருக்குச் சீதனம் எழுத்தர் பதவி. அவளுக்குச் சீதனம் கண்டி. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இன்னுமொன்று நினைவுக்கு வரும். 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்ட தேசவழமையின்படி, சீதனம் பெற்று வெளியேறிய மகள் பெற்றோரின் முதுசத்தில் உரிமை கோரவியலாள். சீதனம் ஒரு கொடையாகத் தோன்றினும் அது ஓர் உரிமைக்கழிவுமாகும். ஐரோப்பிய உயர்குடியினர் கன்னிமடத்துக்குச் செலுத்திய சீதனமும் இத்தகையதே. திருமணச் சீதனத்திலும் குறைந்த தொகையை மடத்துக்குக் கொடுத்து, குடும்பநிலம் துண்டுபடாது மூத்த மகனிடமே நிலைக்கச் செய்தனர். துறவு வாக்களித்தவள் சொத்துரிமையைப் பொறுத்தவரை இறந்தவளுக்கு நிகர். நிலமானிய சமுதாயத்தின் நிலவுடைமையைப் பேணும் கருவிகளுள் ஒன்றாகக் கன்னிமடம் இயங்கியது என்பதில் ஐயமில்லை.

எனினும் இதனோடு நிறுத்திவிடின் அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகிவிடும். எழுத்தறிவும் இசையும் கணக்கும் பெண்களுக்குக் கிட்டிய, தம் தலைவியைத் தாமே தெரிவுசெய்யக்கூடிய நிறுவனம் அக்கால ஐரோப்பாவில் வேறெங்கே இருந்தது? மார்கரீத்தா தப்பியது அங்கேதான். ஒரே கதவு ஒருத்திக்கு உள்ளிருந்து தாழிடத்தக்கதாயும் மற்றொருத்திக்கு வெளியிலிருந்து பூட்டப்படுவதாயும் இருந்தது. திருச்சபையும் இதனை அறியாமலில்லை. 1563ஆம் ஆண்டு திரெந்துச் சங்கத்தின் இறுதி அமர்வு, பதினாறு வயது நிரம்புமுன் துறவு வாக்களிப்பதைத் தடைசெய்ததோடு, பெண்ணொருத்தியை வலிந்து மடம்புகச் செய்வோரைச் சபைவிலக்கு எனத் தண்டித்தது. தடைவிதி எழுகிறதெனில் வழக்கம் பரவியிருந்தது என்பதுதானே பொருள்!

கத்தரீனாவுக்கு இக்கதவின் எந்தப் பக்கமும் கிட்டவில்லை. அவள் மன்னாரில் வளர்ந்த காலத்தில் போர்த்துக்கேயரின் கீழைத்தேய ஆட்சிப்பரப்பில் கன்னிமடமே இருக்கவில்லை. முதலாவது மடமான சாந்தா மோனிக்கா, பேராயர் அலெய்ஷோ டி மெனேசெஸ் என்பவரால் 1606இல் கோவாவில் நிறுவப்பட்டது. அதன் உள்ளமைப்பு காலனித்துவச் சமுதாயத்தின் குறுக்குவெட்டாயிருந்தது: கறுப்பு முக்காடிட்ட துறவியர் போர்த்துக்கேய வழிவந்தோர்; வெள்ளை முக்காடு தாழ்ந்த படி, சுதேசப் பெண்களுக்குப் பொதுவாக உரியது அதுவே. கோவா நகரசபையார் இம்மடத்தை வன்மையாக எதிர்த்து மன்னனுக்கு மீண்டும் மீண்டும் முறையிட்டனர். மணத்துக்குரிய பெண்களும் சீதனங்களும் மடத்துக்குள் மறைகின்றன என்பதே அவர்களது குறை. பெண்ணுக்காக எவரும் கவலைப்படவில்லை. கவலை சீதனத்தைப் பற்றியதே.

யாழ்ப்பாண இராச்சியத்தின் இறுதி இதன் பின்னணியிலேயே விளங்கும். 1591இல் மன்னாரைத் தளமாகக் கொண்டு சென்ற அந்திரே புர்த்தாடோ டி மென்டோன்சா நல்லூரை வென்று எதிர்மன்னசிங்கனை அரசனாக்கினான். அன்று போர்த்துக்கேயருக்குத் தேவைப்பட்டது தமக்குப் பணிந்த அரசன். 1617இல் எதிர்மன்னசிங்கன் இறக்க, சிறுவனான வாரிசைப் புறந்தள்ளிச் சங்கிலி குமாரன் அதிகாரத்தைக் கைப்பற்றினான். 1619 யூனில் பிலிப் டி ஒலிவேரா நல்லூரைக் கைப்பற்றினான். சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623இல் மரணதண்டனை பெற்றான். இம்முறை பொம்மை அரசன் வேண்டப்படவில்லை. நிலவரியையும் முத்தையும் யானையையும் நேரடியாக அள்ளும் ஆட்சியே நோக்கம். நேரடி ஆட்சிக்கு வாரிசு என்பவன் பயனற்றவன் மட்டுமல்லன், ஆபத்தானவனுமாவான். தஞ்சை நாயக்கரின் படைத்துணையுடன் 1620, 1621ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சிகள் அவ்வாபத்தை மெய்ப்பித்தன.

எனவே ஆரியச்சக்கரவர்த்தி குலத்தில் எஞ்சிய இளவரசரும் இளவரசியரும் ஞானஸ்நானம் பெற்றனர், துறவுச் சபைகளிற் சேருமாறு தூண்டப்பட்டனர், பெரும்பாலோர் இணங்கினர். வாரிசான சிறுவன் டொம் கொன்ஸ்தந்தீனோ என்னும் பெயர்பெற்று, கோவாவிற் கற்று, பிரான்சிஸ்கன் துறவியானான். துறவியாகிய இளவரசனுக்குப் பிள்ளையில்லை. துறவியாகிய இளவரசிக்கு மருமகனை எவரும் தேட முடியாது. வாளால் ஒரு வம்சத்தை அழித்தால் பழி எஞ்சும். செபமாலையால் முடித்தால் புண்ணியம் எஞ்சும்! ‘இணங்கினர்’ என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையோடு படித்தல் வேண்டும். கணவரும் தந்தையரும் கொல்லப்பட்டு, நாடு பறிபோய், பகைவரின் காவலில் இருக்கும் பெண்ணின் இணக்கம் எத்தகையது? அதேவேளை, அப்பெண்களுட் சிலருக்கேனும் மடத்தின் அமைதி, வென்ற படைவீரனின் இல்லத்தைவிட மேலானதாய்த் தோன்றியிருக்கலாம் என்பதையும் நாம் மறுத்தலாகாது. அவர்தம் நம்பிக்கையைப் போலி எனத் தீர்ப்பிடும் உரிமை ஆய்வாளனுக்கில்லை.

முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே வல்லரசு அரசகுமாரியரை எதிர்மாறான இரு வழிகளிற் பயன்படுத்தியது. 1594இல் கத்தரீனா மணமேடைக்கு இழுக்கப்பட்டாள். 1619க்குப் பின் யாழ்ப்பாணத்தார் மணமற்ற வாழ்வுக்கு அனுப்பப்பட்டனர். மறைமுக ஆதிக்கம் நேரடி ஆட்சியாக மாறியமையே இவ்வேறுபாட்டின் அடிப்படை. சமயக் கொள்கை இரு வேளைகளிலும் ஒன்றேயாயிருந்தது. அரசின் தேவைதான் மாறியது.

சாசனமாக வளர்க்கப்பட்ட பெண் தன்னை வளர்த்தோருக்கு எதிரான சாசனமாகவும் ஆனாள். கத்தரீனாவுக்கும் செனரத்துக்கும் பிறந்த மகனே இரண்டாம் இராஜசிங்கன். அவன் 1638இல் ஒல்லாந்தருடன் செய்த உடன்படிக்கை போர்த்துக்கேயரை இலங்கையிலிருந்து வெளியேற்றிய நெடும்போரைத் தொடக்கிவைத்தது. 1658 பெப்ரவரியில், தாய் செபம் கற்ற மன்னார்க் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. யூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் வீழ்ந்தது. ஒல்லாந்தப் படையுடன் வந்த போதகர் பல்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் கத்தரீனாவின் இறுதி நாள்களை விரிவாக எழுதினார். ஒரு புரட்டஸ்தாந்தப் போதகர் கத்தோலிக்கராய் வளர்ந்த பௌத்த அரசியின் மரணப்படுக்கையை எழுதிய பகுதி அது என்பதை மறவாது படித்தல் வேண்டும்.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தபோது மாந்தைக் கத்தோலிக்கர் தம் மாதா சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குட் புகுந்தனர். 1670 அளவில் அது மருதமடுவில் நிலைபெற்றது. அரசகுமாரியரின் ஞானஸ்நானங்களுக்கு ஞானத்தந்தையராய் ஆளுநர்களும் தளபதிகளும் நின்றனர். திகதியும் பெயரும் ஏட்டிலேறின. காட்டுவழி நடந்த பெண்களின் பெயர்களையோ, 1544இல் வெட்டுண்ட பெண்களின் பெயர்களையோ எந்த ஏடும் பதியவில்லை. அவர்களிடம் கைமாற்றத்தக்க முடியுரிமை எதுவும் இருக்கவில்லை.